நீ எண்ணாமல் விட்ட அடுப்பு

இன்று காலை அடுப்பில் வைத்த பாலை மறந்துவிட்டேன். பொங்கி வழிந்து கருகி, அந்த வாசனை வீடு முழுக்க நின்றது. சன்னலைத் திறந்துகொண்டிருந்தபோது ஒரு பெண் வாசலில் வந்து நின்றாள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லட், ஹெல்மெட் இன்னும் முழங்கையில் தொங்கிக்கொண்டிருந்தது. செரண்டாவிலிருந்து வருகிறாளாம். வீடு வீடாகப் போய்க் குடும்ப விவரம் எடுக்கும் தற்காலிக வேலை.

"டீச்சர்தானே? எதிர் வீட்டுல சொன்னாங்க. அஞ்சு நிமிஷம்தான்லா, டீச்சர். இந்த வீட்டுல எத்தனை பேரு?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அந்தப் பெண் முகத்தில் ஏதாவது ஒட்டியிருக்கிறதோ என்று தடவிப் பார்த்துக்கொண்டாள். பொங்கி வழிந்த பாலும் இந்தக் கேள்வியும் ஒரே நேரத்தில் என் வீட்டுக்கு வந்தால் நான் வேறு யாரை நினைப்பேன்?

"உள்ள வாம்மா. மொதல்ல ஒரு கோப்பி குடி" என்றேன்.

நீ போய் ஒரு வருடம் ஆகப்போகிறது. உனக்கு எழுத வேண்டும் என்று நினைப்பதும் தள்ளிப்போடுவதுமாக இருந்தேன். இன்று அவள் போன பிறகு உட்கார்ந்துவிட்டேன்.

நம் தோட்டத்து லயத்தை இப்போது யாருக்காவது விளக்க வேண்டுமென்றால், ஒரே தகரக் கூரையின் கீழ் ஒட்டிக்கொண்டு நிற்கும் வீடுகளின் வரிசை என்று சொல்கிறேன். உன் வீட்டில் கருவாடு வறுத்தால் எங்கள் வீட்டில் சோறு இறங்கும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஒரே பெஞ்சு, பிறகு கோலா சிலாங்கூருக்குப் போகும் பள்ளிப் பேருந்தில் ஒரே கம்பி. நான் ஆசிரியர் பயிற்சிக்குப் போனேன். நீ கோலாலம்பூரில் பல்கலைக்கழகத்துக்குப் போனாய். லயத்தில் அதற்கு முன் பெண் பிள்ளை யாரும் அவ்வளவு தூரம் போனதில்லை என்பதால் எல்லோருக்கும் பெருமை. ஆனால் நீ என்ன படிக்கிறாய் என்பதுதான் ஒருவருக்கும் பிடிபடவில்லை.

முதல் விடுமுறைக்கு நீ வந்தபோது என் அம்மா கேட்டது நினைவிருக்கிறதா?

"பொருளாதாரம்னா என்னா பாப்பா? பேங்கு வேலையா?"

"இல்ல அத்தை. காசு எங்கேர்ந்து வருது, எங்க போவுதுன்னு படிக்கிறது."

"அதுக்கு கோலாலம்பூரு வரைக்கும் போவணுமா? சம்பளம் போடுற கிராணிகிட்டேர்ந்து வருது, கடைக்காரன்கிட்ட போவுது. நடுவுல எங்கையில கொஞ்ச நேரம் சூடா இருக்குது."

நீ விழுந்து விழுந்து சிரித்தாய். பல வருடங்கள் கழித்து, வெளிநாட்டில் முனைவர் பட்டத்துக்காக உன்னை நேர்காணல் செய்த வெள்ளைக்காரப் பேராசிரியரிடம் இதையே சொன்னதாகவும், அவர் பேனாவை வைத்துவிட்டு உன்னை நிமிர்ந்து பார்த்ததாகவும் எனக்கு எழுதியிருந்தாய்.

அந்த முனைவர் பட்டத்துக்குத்தான் நீ மறுபடியும் லயத்துக்கு வந்தாய். தோட்டத்துக் குடும்பங்கள் எப்படி வாழ்கின்றன, வருகிற சம்பளம் எத்தனை வயிற்றுக்குப் பங்காகிறது என்று வீடு வீடாகக் கேட்டு எழுத வேண்டும். நான் அப்போது சுங்கை ஆயர் தாவாரில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளி விடுமுறை முழுக்க உன்னோடு சுற்றினேன்.

நீ வேலை செய்த விதத்தை நான் பிற்பாடு என் மாணவர்களுக்கு எத்தனையோ முறை உதாரணமாகச் சொல்லியிருக்கிறேன். முதல் நாள் ஒரு வீட்டுக்குப் போனால் நீ காகிதத்தையே வெளியே எடுக்க மாட்டாய். அடுப்படியில் உட்காருவாய். அவர்கள் நெத்திலி ஆய்ந்தால் நீயும் ஆய்வாய். காய்ச்சலில் கிடக்கும் பிள்ளையைப் பற்றிப் பேசுவாய். மறு நாள்தான் கேள்விகள். அவர்கள் பதில் சொன்ன பிறகும் உடனே எழுத மாட்டாய். பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஒரு முறை அந்த வீட்டைச் சுற்றிப் பார்ப்பாய். பிறகுதான் முனை காகிதத்தில் படும்.

"என்னாடி தூங்கிட்டியா?" என்று கேலி செய்தேன்.

"எழுதிட்டா அது நம்பராயிடும்டி. அதுக்கு முன்னாடி ஒரு மூச்சு விட்டுக்கறேன்" என்றாய்.

இவ்வளவு பொறுமையானவளுக்கும் சறுக்கியது. அந்தச் சறுக்கலைப் பற்றி எழுதாமல் உன்னைப் பற்றி எழுத முடியாது. உன் வாழ்க்கையில் ஆகப் பெரிய காரியம் அதிலிருந்துதான் வந்தது.

லயத்து வீட்டில் மகனுக்குக் கல்யாணம் ஆனால் என்ன நடக்கும் என்று நம் இருவருக்கும் தெரியும். கொஞ்ச நாள் எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள். பிறகு வீட்டின் பின்பக்கம் நாலு தகரம், ரெண்டு கட்டை வைத்து ஒரு சாய்ப்பு இறங்கும். அதில் ஒரு அடுப்பு எரியும். மருமகள் அங்கே தனியாக உலை வைப்பாள். மகனின் சம்பளம் அந்த அடுப்புக்குப் போகும், அப்பாவின் சம்பளம் முன் அடுப்புக்குப் போகும். லயம் முழுக்க இப்படிப் பின் அடுப்புகள். ஆனால் வெளியாள் வந்து கேட்டால் எல்லோரும் ஒரே பதில்தான் சொல்வார்கள். ஒரே குடும்பம்.

இரண்டு காரணம். சாய்ப்பு இறக்க நிர்வாகத்தின் அனுமதி கிடையாது. கிராணி காதில் விழுந்தால் பிரித்துப் போடச் சொல்வார்கள். அதைவிடப் பெரியது மானம். மகன் பிரிந்துவிட்டான் என்று ஒரு தாய் வாயால் சொல்வது சின்ன விஷயமா?

என் வீட்டிலும் அதே கதை. தம்பி சேகருக்குக் கல்யாணமாகி, அவன் மனைவி சாந்தி பின்னால் அடுப்பு மூட்டி ஆறேழு மாதம் இருக்கும். நீ அம்மாவிடம் கேட்டாய், "அத்தை, இங்க எத்தனை குடும்பம்?" அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "ஒரே குடும்பந்தான்." நீ பேனாவைத் தூக்கிப் பிடித்தாய், சுற்றிப் பார்த்தாய், ஒன்று என்று எழுதினாய். எழுதிய கையோடு பின்பக்கம் போய் சாந்தி வைத்த மீன் குழம்பைச் சாப்பிட்டாய்.

வேற்றூர்ப் பிள்ளை ஒருத்தி வந்திருந்தால், "அப்ப பின்னால எரியிற அடுப்பு யாருது?" என்று கேட்டிருப்பாள். அம்மாவுக்குக் கோபம் வந்திருக்கும், ஆனால் உண்மை தெரிந்திருக்கும். நீ லயத்துப் பிள்ளை. அதைக் கேட்கக் கூடாது என்று தெரிந்த பிள்ளை. மரியாதை தெரிந்ததால் வந்த தவறு அது. வீட்டுக்கு வீடு அப்படியே நடந்தது. எங்கும் நீ கதவைத்தான் எண்ணினாய்.

பட்டம் வாங்கினாய். அந்த ஆய்வு புத்தகமாக வந்தது. பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளர் ஆனாய். புத்தகம் வெளிநாட்டு வகுப்புகளில்கூடப் பாடமானது. நீ அதன் முதல் பிரதியை அம்மாவிடம் கொடுத்தபோது, அவர் அட்டையைத் துடைத்து சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்தார்.

உன் வகுப்பு எப்படி இருக்கும் என்று ஒரு முறை நேரில் பார்த்தேன். மாணவர்களை ஒரு வேனில் ஏற்றி, கோலா சிலாங்கூர் மீன் சந்தைக்கு அழைத்து வந்திருந்தாய். நானும் கூட வந்தேன். காலையில் ஒரு விலை, நடுப்பகலில் ஒரு விலை, ஏன் என்று கேட்டாய். ஒரு பையன் வேகவேகமாகத் தாளில் இரண்டு கோடு போட்டு, அவை வெட்டிக்கொள்ளும் இடத்தைக் காட்டினான்.

"கோடு சரி தம்பி. நாத்தம் இதுல எங்க இருக்கு?" என்று கேட்டாய்.

மீன்காரர் சிரித்த சிரிப்பில் தராசு ஆடியது. வெயில் ஏற ஏற மீன்காரருக்கு இருக்கும் பயத்தை அந்தக் கோட்டுக்குள் பார்க்கத் தெரிந்தவன்தான் பொருளாதாரம் படித்தவன் என்று அன்று சொன்னாய். நான் பள்ளியில் பின்னம் சொல்லிக் கொடுக்கும்போது பலகையில் வட்டம் போடுவதை விட்டுவிட்டு வகுப்புக்கு ரொட்டி வாங்கிக்கொண்டு போக ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

இத்தனை வருடமும் உன் புத்தகம் ஒரு பக்கம் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது. அது என்ன வேலை என்று நமக்குத் தெரியவில்லை. தோட்டத்தை விற்கப் போகிறார்கள் என்ற செய்தி வந்தபோதுதான் தெரிந்தது.

செம்பனை மரங்களை அழித்துவிட்டு வீடமைப்புத் திட்டம் வரப் போகிறது என்றார்கள். லயத்தில் இருக்கும் குடும்பங்களுக்கு அடுக்குமாடியில் ஆளுக்கொரு வீடு உண்டு. ஆனால் குடும்பம் என்றால் எது? கதவுக்கு ஒன்று என்றது நிர்வாகம். அப்படியானால் பின் அடுப்புக்காரர்கள் எல்லோரும் தெருவில்தான். சேகர், சாந்தி, வளர்ந்த அவர்கள் பிள்ளைகள், அதே மாதிரி லயத்தில் பாதிப்பேர். லயத்துக்காரர்கள் சேர்ந்து அமைத்த போராட்டக் குழு நிர்வாகத்துக்கு எழுதியது. அவர்களிடமிருந்து வந்த பதிலில், கதவுக்கு ஒரு குடும்பம் என்பதற்கு ஆதாரமாக ஒரு புத்தகத்தைக் காட்டியிருந்தார்கள். தோட்டத்தில் பிறந்த விரிவுரையாளர் எழுதிய புத்தகம். உன் புத்தகம்.

நான் உனக்குப் போனில் சொன்னேன். அடுத்த சனிக்கிழமை மத்தியானம் நல்ல மழையில் வந்து இறங்கினாய். முன் வாசலில் உட்காராமல் நேரே பின்பக்கம் போனாய். சாந்தி பதறிப் போய், "என்னக்கா இது, நனைஞ்சிட்டு! சோறு போடட்டா?" என்றாள். தகரக் கூரையில் மழை அடித்த அடியில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கவில்லை. தட்டில் சோறு விழுந்ததும் நீ அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாய்.

"இதே இடத்துல உக்காந்துதான் அன்னைக்கும் சாப்பிட்டேன்" என்றாய் கத்தி. "சாப்பிட்ட அடுப்பையே எண்ணாம விட்டுட்டு வந்திருக்கேன்டி."

மழை கொஞ்சம் விட்ட பிறகு எனக்கு விளக்கினாய். ஒரு கதவுக்குப் பின்னால் இரண்டு சம்பளம், ஒரு குடும்பம் என்று எழுதினால் அது பரவாயில்லாத வீடு. அதே இரண்டு சம்பளத்துக்கு இரண்டு அடுப்பு என்று எழுதினால் இரண்டு ஏழை வீடு. "நான் ஒரு வீடுன்னு எழுதுன ஒவ்வொரு தடவையும், ரெண்டு ஏழையச் சேத்துக் கட்டி ஒரு வசதிக்காரன உண்டாக்கியிருக்கேன். தோட்டத்துல யாரும் அவ்வளவு கஷ்டப்படலன்னு சொல்றதுக்கு இத்தனை வருஷமா எம்புத்தகத்ததான் தூக்கிக் காட்டியிருக்காங்க. நானே பெருமையா கேட்டுட்டு உக்காந்திருக்கேன்."

நீ அழவில்லை. கையைக் கழுவிவிட்டு, "சரி, திருப்பி எண்ணணும்" என்றாய்.

ஆனால் எண்ணுவது எப்படி? போராட்டக் குழுப் பையன்கள் ஏற்கெனவே முயன்று அடி வாங்கியிருந்தார்கள். 'நாங்கள் தனிக் குடும்பம்' என்று கையெழுத்துக் கேட்டுப் போனவர்களை ஒவ்வொரு வீட்டிலும் கிழவர்கள் விரட்டினார்கள். அம்மா விளக்கமாற்றைத் தூக்கியே விட்டார்.

"எம்மவன் என்னை வுட்டுப் பிரிஞ்சிட்டான்னு நானே எழுதிக் குடுக்கணுமா? நான் செத்தப்புறம் வாங்கடா, அப்ப எழுதிக்குங்க!"

அன்று மழை விட்டதும் உன் முன்னாலும் அதையே சொன்னார். "அத்தை, எழுதுலன்னா சேகருக்கு வீடு கெடைக்காது" என்றேன். என் அம்மாவை நான் அத்தை என்று கூப்பிட்டதைக் கேட்டு நீகூடச் சிரித்தாய். உன்னோடு சேர்ந்து எனக்கும் அந்த நேரத்தில் புத்தி தடுமாறியிருந்தது.

"கெடைக்காட்டிப் போவுது. எங்கூடவே இருப்பான். ஒரே குடும்பந்தான?"

நீ அவரைத் திருத்த முயலவில்லை. வாசலிலேயே சாய்ந்து நின்று, மழை நின்ற மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தாய். தை மாதம் முடிந்து அதிக நாள் ஆகவில்லை. வாசலில் பொங்கல் வைத்த கற்கள் இன்னும் கரி பிடித்துக் கிடந்தன. நீ அவற்றையே பார்த்தாய்.

"அத்தை, இந்தப் பொங்கலுக்கு நம்ம வாசல்ல எத்தனை பானை வெச்சீங்க?"

"ரெண்டு" என்றார் அம்மா, கேள்வியே அதிசயமாக இருப்பது போல. "எனக்கொண்ணு, அவளுக்கொண்ணு. எம்பானையிலயே கையவுட அவ என்னா கைப்புள்ளயா? தனியா ஒல வெக்கிறவ தனியாத்தான் பொங்கணும். அவ பான எப்பவும் முந்திப் பொங்கிரும், கள்ளி. பால நெறைய ஊத்துவா."

"நீங்க தண்ணிய ஊத்துனா நான் என்னா பண்றது?" என்று பின்னாலிருந்து சாந்தி குரல் கொடுத்தாள்.

நீ திரும்பி என்னைப் பார்த்தாய். அந்தப் பார்வையை நான் மறக்கவில்லை. உன்னைப் பெரிய ஆளென்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானே பார்த்தது அன்றைக்கு, அந்தக் கரிக்கல் பக்கத்தில்.

தொடர்ந்து மூன்று வார இறுதிகள் லயத்தில் நடந்தாய். பிரிந்தீர்களா, சேர்ந்தீர்களா என்று ஒருவரையும் கேட்கவில்லை. எத்தனை பானை என்று மட்டும் கேட்டாய். அதைச் சொல்வதில் யாருக்கும் வெட்கம் இல்லை. பெருமையாகச் சொன்னார்கள், எந்தப் பானை எந்தப் பக்கம் பொங்கியது என்பது வரைக்கும். ஆரோக்கியம் அண்ணன் வீட்டுக்குப் போனபோது அவர் கையை விரித்தார்.

"நாங்க வேதக்காரங்க பாப்பா. பொங்க வெக்கிறதில்லையே."

"கிறிஸ்மஸுக்குக் கோழி, அண்ணே?"

"ஓ, அதுவா? ரெண்டு சட்டி. எம்மருமவ காரமே போட மாட்டா. எந்தலையெழுத்தா அதத் திங்கணும்னு?"

மாவட்ட அலுவலகத்தில் பேச்சுவார்த்தைக்கு நாள் குறித்தார்கள். ஒரு பேருந்து பிடித்து எல்லோரும் கோலா சிலாங்கூருக்குப் போனோம். அம்மா கல்யாணத்துக்குக் கட்டும் புடவையைக் கட்டியிருந்தார். நிர்வாகத்தின் பிரதிநிதி நல்ல மனிதராகத்தான் இருந்தார். உன்னைப் பார்த்து எழுந்து நின்றார். அதன் பிறகு உன் புத்தகத்தைத் திறந்து, கதவுக்கு ஒரு குடும்பம் என்று நீ எழுதிய பக்கத்தை மலாய் மொழியில் நிதானமாகப் படித்தார்.

நீ எழுந்தாய். "இந்தப் புத்தகத்தை எழுதியவர் ஒரு தவறு செய்திருக்கிறார். அவர் எண்ணியது கதவுகளை, குடும்பங்களை அல்ல. எழுதியவர் நான்தான். இன்று இந்த அறையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்" என்றாய்.

உன் பக்கத்தில் இருந்த எங்கள் குழுவின் வழக்கறிஞர்கூட உன்னை ஏறிட்டுப் பார்த்தார். உன் பெயர் நின்றதே அந்தப் புத்தகத்தின் மேல்தான். பேராசிரியர் பதவிக்கு உன் பெயர் பரிசீலனையில் இருந்த நேரம் வேறு.

பிரதிநிதி புன்னகைத்தார். அன்று புத்தகம் எழுதியவரை நம்புவதா, இன்று எதிரில் நிற்பவரை நம்புவதா என்று கேட்டார். பிறகு பின்னால் பார்த்து, இவர்களையே கேட்டுவிடலாமே என்று நேராக என் அம்மாவைக் காட்டினார். மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டார்.

"அம்மா, உங்க வீட்டுல எத்தனை குடும்பம்?"

சேகர் என் கையைப் பிடித்துக்கொண்டான். அம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு, அந்தப் பெரிய அறை முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

"ஒரே குடும்பந்தான்."

சாந்தி தலையைக் குனிந்துகொண்டாள். பிரதிநிதி மேஜை மேல் புத்தகத்தை மூடி வைத்தார். அவ்வளவுதான், முடிந்தது என்றே நான் நினைத்தேன்.

நீ பதறவில்லை. அம்மாவைப் பார்த்து, நம் வாசலில் நின்று கேட்பது போலவே கேட்டாய்.

"ஆமா அத்தை, ஒரே குடும்பந்தான். பொங்கலுக்கு எத்தனை பானை?"

"ரெண்டு. அதான் அன்னைக்கே சொன்னேனே."

மொழிபெயர்ப்பாளர் அதையும் சொன்னார். மாவட்ட அதிகாரி, தஞ்சோங் காராங் பக்கத்து மலாய்க்காரர், அதுவரை பேசாமல் இருந்தவர், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "டுவா டாப்பூர்" என்றார். இரண்டு அடுப்பு. அவர் அம்மாவும் அப்படித்தானாம்; பெருநாளைக்கு அண்ணன் வீட்டில் ரெண்டாங் கறியைத் தனியாகக் கிண்டினாலும், நாங்கள் ஒரே குடும்பம் என்பாராம். அறையில் எல்லோரும் சிரித்தார்கள். நிர்வாகத்துப் பிரதிநிதியும் சிரித்துவிட்டார். அம்மாவுக்கு மட்டும் எதற்குச் சிரிக்கிறார்கள் என்று விளங்கவில்லை. "என்னாவாம் அவருக்கு?" என்று என்னை இடித்தார்.

அடுப்புக்கு ஒரு வீடு என்று மறுபடி எண்ண அதிகாரி உத்தரவு போட்டார். எல்லோருக்கும் கிடைத்துவிடவில்லை. அதற்குள் தொழிற்சாலை வேலைக்கென்று செரண்டா பக்கம் போய்விட்டவர்களின் அடுப்பு அணைந்து போயிருந்தது. அவற்றை எண்ண யாரும் ஒப்பவில்லை. அதைப் பற்றி நீ கடைசிவரை ஆற்றாமையோடு பேசினாய். ஆனால் சாந்திக்கு வீடு கிடைத்தது. சாவி வாங்கிய அன்று அம்மா முதல் ஆளாகப் போய் அவள் அடுப்பில் பால் காய்ச்சினார். நிறையத் தண்ணீர் ஊற்றி.

அந்தக் கூட்டத்தில் சொன்னதோடு நீ விட்டிருக்கலாம். விடவில்லை. உன் புத்தகத்தைப் பாராட்டி எழுதிய அதே ஆய்விதழில், அதன் தவறு என்ன, அதனால் யார் யாருக்கு என்ன நேர்ந்தது என்று நீயே கட்டுரை எழுதினாய். எதிரிகளுக்கு மிச்சம் வைக்காமல் எழுதிவிட்டாய் என்று சக ஊழியர் ஒருவர் கேலி செய்தாராம். பேராசிரியர் பதவி தள்ளிப்போனது. வந்தபோது தாமதமாக வந்தது. உனக்கு வருத்தமா என்று கேட்டேன். "இருக்குதுடி, ஏன் இல்லாம? ஆனா சாந்தி வீட்டுல போயி இனிமே நிம்மதியா சாப்பிடலாம்" என்றாய்.

பிறகு ஒவ்வொரு புதிய வகுப்பிலும் முதல் நாள் உன் பழைய புத்தகத்தைத்தான் கொடுப்பாயாம். இதில் ஒரு தவறு இருக்கிறது, கண்டுபிடித்து வாருங்கள் என்பாயாம். கெட்டிக்காரப் பிள்ளைகள் கூட்டிப் பெருக்கிப் பார்த்து, கணக்கெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று வந்து நிற்பார்கள். "கணக்குல தப்பு இல்லம்மா. கதவுலதான் தப்பு" என்று அதன் பிறகு கதையைச் சொல்வாய். உன் இறுதிச் சடங்கில் என்னைக் கண்டுபிடித்து வந்து பேசிய உன் மாணவர் ஒருவர், இப்போது அவரே பேராசிரியராம், கேட்டார்: "நீங்கதான அந்த ரெண்டு பானை வீடு?"

நீ கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெட்டாலிங் ஜெயாவில் தனியாக இருந்தாய். ஒவ்வொரு பொங்கலுக்கும் அடுக்குமாடிக்கு வந்துவிடுவாய். கார் நிறுத்துமிடத்தில் வரிசையாகக் கல் வைத்து எல்லா வீட்டாரும் பொங்கும்போது, நீ அம்மா பானைக்கும் சாந்தி பானைக்கும் நடுவில் நின்று எது முந்துகிறது என்று தீர்ப்பு சொல்வாய். ஒரு வருடம் புகையில் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "எனக்குன்னு ஒரு பானை இல்லடி. நான் எண்ணுனா நானே கணக்குல வர மாட்டேன்" என்றாய். அம்மா உன்னைப் பார்க்கவே இல்லை. அரிசியை இன்னொரு கைப்பிடி அள்ளிப் போட்டு, "இந்தா, வந்துட்ட. கிண்டு" என்று கரண்டியைக் கையில் கொடுத்தார்.

அம்மா போன பிறகு சாந்தி அந்தக் கைப்பிடியைப் போட்டாள். மருத்துவமனையில், உங்கள் குடும்பத்தில் யார் வந்திருக்கிறார்கள் என்று தாதி கேட்டபோது, நீ என்னைக் காட்டி, "எங்க பானை" என்றாய். அந்தச் சீனப் பெண்ணுக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. இந்தத் தைக்கும் சாந்தி ஒரு கைப்பிடி அதிகமாகவே போட்டாள். சொல்லாமல் போட்டாள், நானும் கேட்கவில்லை.

இன்று வந்த அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்லி முடிக்கிறேன்.

கோப்பியைக் குடித்துவிட்டு அவள் தயங்கினாள். மேல் மாடியில் லெட்சுமி அக்கா வீட்டில் சரியான பதில் கிடைக்கவில்லையாம். "ரெண்டு பேருங்கிறாங்க டீச்சர். ஆனா அவங்க மட்டுந்தான் இருக்காங்க. மகன் எங்கன்னு கேட்டா முகத்தத் திருப்பிக்கிறாங்க. பொய் சொல்றாங்களா?"

லெட்சுமி அக்காவின் மகன் வீட்டைவிட்டுப் போய்ப் பல வருடமாகிறது. எங்கே என்று அக்காவுக்கே தெரியாது. இந்த அடுக்குமாடியில் யாரும் அதைக் கேட்பதில்லை.

"எத்தனை பேருன்னு கேக்காதம்மா. ராத்திரி எத்தனை பேருக்கு அரிசி போடுறீங்கன்னு கேளு" என்றேன். உன்னிடம் கற்றதை உன் பெருமையோடு சொன்னேன். என்னால் முடியும் என்று நினைத்துவிட்டேன்.

அவள் மேலே போனாள். கொஞ்ச நேரத்தில் இறங்கி வந்தாள். கண்கள் வேறு மாதிரி இருந்தன.

"ரெண்டு பேருக்குத்தான் போடுறாங்களாம், டீச்சர். தெனமும். காலையில அத நாய்க்கு வெக்கிறாங்களாம்." டேப்லட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "இப்ப நான் என்ன போடறது?"

நீ இருந்தால் உன்னைத்தான் போனில் கூப்பிட்டிருப்பேன். நீ ஒன்றை இரண்டாக்கச் சொல்ல மாட்டாய். இல்லாத ஆளை இருக்கிறார் என்று எழுதினால் என்ன ஆகும் என்று, இல்லாத வசதிக்காரனை ஒரு முறை எண்ணி வைத்த உன்னைவிட வலியோடு தெரிந்தவர்கள் யார்? நான் உள்ளே திரும்பிப் பார்த்தேன். அடுப்பில் பால் கருகிய இடம் இன்னும் துடைக்காமல் இருந்தது.

"ஒண்ணுன்னு போடும்மா" என்றேன். "ஆனா உடனே போடாத."

அவள் விரலைத் திரைக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். ஒரு முறை தலையை உயர்த்தி மேல் மாடியைப் பார்த்தாள். ஒரு மூச்சு விட்டாள்.